பிள்ளை நம்மிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்: வளரிளம் வயதில் போதைப் பழக்கத்தைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளோடு அன்றாடம் பழகுகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. அம்மை, அப்பா, பாட்டா, தாய்மாமா, வகுப்பாசிரியர், மறைக்கல்வி நடத்துகிறவர், சாயங்காலம் மைதானத்தில் கால்பந்து பழக்குகிறவர் என யாராகவும் இருக்கலாம். குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள், ரப்பர் தோட்டப் பகுதி, நாகர்கோவில் நகரம் மூன்றுக்கும் நிலைமை வேறு வேறு. வேறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறோம்.

பையனின் பள்ளிப் பையில் கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொதி) டப்பா இருந்தது. இப்போது என்ன செய்ய?

அன்று ராத்திரியே ஒன்றும் செய்யாதீர்கள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கத்துவது, வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போடுவது, கூட்டாளி வீட்டு வாசலில் போய் நின்று சண்டை பிடிப்பது, மூன்றும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடுகின்றன. அதிலிருந்து பையன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அடுத்த தடவை இன்னும் நன்றாக ஒளித்து வைக்க வேண்டும்.

மறுநாள், அவன் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, தனியாகப் பேசுங்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்காதீர்கள். "உன் பையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பான். அப்போது உங்கள் கையில் இரண்டு பிரச்சினை: டப்பா ஒன்று, பொய் ஒன்று. பிறகு பேச்சு முழுக்கப் பொய்யைப் பற்றியே போகும். "துணி துவைக்க எடுத்தேன், இது இருந்தது" என்று நேராகச் சொல்லுங்கள். வேண்டுமென்றே துழாவியிருந்தால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை: என்ன பொருள், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போதிலிருந்து, யாரோடு, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் தடவை. கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்லும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் உதட்டுக்குள் வைக்கிறான் என்றால் உடம்பு நிக்கோட்டினுக்குப் பழகிவிட்டது. அறிவுரை மட்டும் போதாது. ஐந்தையும் ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டாம். ஒரு வாரத்தில் தெரிந்தால் போதும்.

மறுநாள்வரை பொறுக்கக் கூடாத நிலைகளும் உண்டு: ஊசி கிடைத்தால், எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தால், சாவைப் பற்றிப் பேசினால். அப்போது உடனே ஆஸ்பத்திரி.

அவன் வாயே திறப்பதில்லை. என்ன கேட்டாலும் "சும்மா இரி" என்கிறான்.

முகத்துக்கு முகம் பார்த்து உட்கார வைத்தால் அது விசாரணைதான். இந்த வயதுப் பிள்ளை பேசுவது பக்கவாட்டில்: வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது, ரப்பர் ஷீட்டை ரோலரில் போடும்போது, சாயக்கடையில் ஏத்தன்பழ பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது. கை வேலையில் இருக்க வேண்டும். கண் வேறெங்காவது பார்க்க இடம் வேண்டும்.

பேசும் நேரத்தைவிடப் பேசாமல் கூட இருக்கும் நேரம் நிறைய வேண்டும். வாரத்துக்கு நான்கு தடவை, தடவைக்கு இருபது நிமிடம் போதும். இதில் மூன்று தடவை போதைப் பேச்சையே எடுக்கக் கூடாது. மீன் என்ன விலை போயிற்று, யார் கோல் அடித்தார்கள், போனுக்கு என்ன ஆச்சு. இது நேர விரயம் என்று நினைப்பவர்கள் நான்காவது தடவையும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி குற்றப்பத்திரிகைபோல் ஒலிக்கும். "ஏம்லே இத போடுக?" என்பதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"மக்ளே, அது போட்டா ஒனக்கு எப்டி இருக்கு?"

"ஒரு மாரி கிர்ருன்னு இருக்கும். கிளாஸ்ல தூக்கம் வராது."

"அப்போ தூக்கம் வராம இருக்கதுக்கா?"

"ம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பாக்கேன்லா."

"அதுல ஒனக்குப் பிடிக்காதது ஏதாவது உண்டா?"

"வாய் எரியும். பைசாவும் போவுது."

முதலில் பிடித்தது, பிறகுதான் பிடிக்காதது. இந்த வரிசையை மாற்றினால் வேலை செய்யாது. நன்மை எதுவும் இல்லாத பொருளை யாரும் பயன்படுத்துவதில்லை. அதை நாம் ஒப்புக்கொண்டதும் தீமையை அவனே சொல்கிறான். "பைசா போவுது" என்று அவன் வாயிலிருந்து வந்த ஒரு வரி நம்முடைய ஒரு மணி நேரப் புற்றுநோய்ப் பேச்சைவிட நெடுநாள் நிற்கும். அவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்லா" என்று சேர்த்தால், கட்டியதை நாமே இடித்த மாதிரி.

நம்பிக்கை, நம்பிக்கை என்கிறீர்கள். இது இடம் கொடுப்பது ஆகாதா?

கட்டுப்பாடு வேண்டும். குறைவாக, முன்கூட்டியே சொன்னதாக, செய்த தப்போடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். மூன்று விதிகளுக்குமேல் போனால் நமக்கே நினைவிருக்காது. உதாரணமாக: போதையில் வண்டி எடுக்கக் கூடாது, வீட்டுக்குள் பொருள் வரக் கூடாது, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஆனால் போன் செய்ய வேண்டும். மீறினால் என்ன என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: வண்டிச் சாவி இரண்டு வாரம் என்னிடம். (18 ஆகாதவன் கையில் கியர் வண்டி இருப்பதே சட்டப்படி தப்பு. பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் உண்டு. பல வீடுகளில் சாவிப் பேச்சு இங்கிருந்து தொடங்க வேண்டும்.)

தண்டனை சிறிதாக, தவறாமல் நடப்பதாக இருக்கட்டும். "இனி ஆறு மாசம் போன் கிடையாது" என்று சொல்லி மூன்றாம் நாள் கொடுத்துவிடுவதைவிட, ஒரே நாள் எடுத்து, சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடுப்பது மேல். சோறு, பள்ளிக் கட்டணம், பேச்சு இம்மூன்றையும் தண்டனையாக நிறுத்தவே கூடாது. பேசாமல் இருப்பது நம்முடைய வீடுகளில் பழைய ஆயுதம். பிள்ளைக்கு அது "உனக்கு இங்கே ஆள் இல்லை" என்றுதான் கேட்கும்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல் குறைக்கச் சொல்வது தப்பில்லையா?

இலக்கு நிறுத்துவதுதான். ஆனால் "நாளையிலிருந்து தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றால் அவன் பண்ணுவான், நான்காம் நாள் உடைப்பான், உடைத்ததை மறைப்பான். அன்றிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது. ஒரு நாளைக்கு ஆறு என்பதிலிருந்து மூன்றுக்கு வந்தவன் அதை நம்மிடம் சொல்கிறான் என்றால் அது முன்னேற்றம்; மூன்றிலிருந்து பூச்சியத்துக்குப் போகும் வழியும் அங்கே திறந்திருக்கிறது.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. கூல் லிப், ஹான்ஸ் (வாயில் அடக்கும் புகையிலை), சிகரெட், கஞ்சா ஆகியவற்றுக்குப் படிப்படியாகக் குறைக்கத் திட்டம் போடலாம். பசை, பெயிண்ட் தின்னர் முகர்வதில் "குறைந்த அளவு" என்று ஒன்று கிடையாது. முதல் தடவையிலேயே இதயம் நின்று போகலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறவனுக்கு வீட்டில் திட்டம் போடுவது ஆபத்து. தினமும் குடிக்கிறவனை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கத்தோடு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் குழப்ப நிலை வரலாம். இம்மூன்றும் மருத்துவர் வேலை.

கூல் லிப், ஹான்ஸ் குறைக்கும் திட்டம் எப்படி?

முதல் வாரம் எதையும் குறைக்கச் சொல்லாதீர்கள், எண்ணச் சொல்லுங்கள். போனிலோ நோட்டின் கடைசிப் பக்கத்திலோ நேரம், இடம், கூட யார் என்று மூன்றே வார்த்தை. ஏழு நாள் முடிந்ததும் கணக்கை அவனே பார்ப்பான். பழக்கத்தில் எது உடம்பு கேட்டது, எது கூட்டாளிக்காக, எது சும்மா பொழுதுபோகாமல் என்று பிரிந்து தெரியும்.

இரண்டாம் வாரம் பொழுதுபோகாமல் போட்டவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். அவைதான் எளிது. காலையில் எழுந்ததும் போடுவது, சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது இரண்டும் கடினமானவை; அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். பலர் உற்சாகத்தில் காலை ஒன்றை முதலில் நிறுத்தி, பத்து மணிக்குள் தோற்றுப்போய், எல்லாத் திட்டத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் வாரம் நேரத்தைத் தள்ளுவது. நாளின் முதல் பொதியை அரை மணி நேரம் தள்ளி, இரண்டு மூன்று நாளில் இன்னும் அரை மணி நேரம். உதட்டுக்குள் வைத்திருக்கும் நேரத்தையும் பாதியாக்கலாம். நான்காம் வாரத்தில் நிறுத்தும் நாளை அவனே குறிக்கட்டும். பரீட்சை வாரம் வேண்டாம், ஊர்த் திருவிழா வாரம் கண்டிப்பாக வேண்டாம்.

நிறுத்தியபின் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம்: எரிச்சல், கவனமின்மை, பசி. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். ஆசை ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் ஏறி இறங்கும். அந்தச் சில நிமிடத்துக்குத் தண்ணீர், நெல்லிக்காய் வற்றல், கிராம்பு, புளிப்பு மிட்டாய் ஏதாவது வாயில் இருக்கட்டும். பாக்கு வேண்டாம். புகையிலையை விட்டுப் பாக்குக்கு மாறுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. பாக்கே தனியாக வாய்ப்புற்று தரக்கூடியது. நிக்கோட்டின் சூயிங்கம்மைக் கடையில் வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். 18 வயதுக்குள் மருத்துவர் சொல்லித்தான்.

பொதி வைக்கும் இடத்தில், உதட்டின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்குமேல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கஞ்சா?

இங்கே பையன்கள் கஞ்சாவைப் பீடி அல்லது சிகரெட் தூளோடு கலந்துதான் புகைக்கிறார்கள். எனவே கஞ்சாவை விடுகிறவன் கூடவே நிக்கோட்டினையும் இழக்கிறான், அல்லது சிகரெட்டைக் கூட்டிக்கொள்கிறான். இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்.

குறைப்பதற்குச் சில கோடுகள்: பள்ளி நாளில் இல்லை, தனியாக இல்லை, வண்டிக்கு முன் இல்லை. தனியாகப் புகைக்கத் தொடங்கியிருந்தால் கூட்டாளியின் வற்புறுத்தல் கதை முடிந்தது; உள்ளே ஏதோ வலி இருக்கிறது. அதைக் கேட்கவேண்டும். யாரோ காதில் பேசுவதாகவோ, எல்லாரும் தன்னைப் பார்ப்பதாகவோ சொன்னால், அல்லது குடும்பத்தில் மனநோய் இருந்திருந்தால், குறைப்புத் திட்டத்தில் காலம் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

தினமும் புகைத்தவன் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் கோபம், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். தூக்கக் கோளாறும் பயங்கரக் கனவும் சில வாரம் நீளலாம். "மறுபடி அடிச்சிருக்கான், அதான் இப்படிக் கத்துகான்" என்று வீட்டில் சந்தேகம் எழுவது சரியாக அந்த வாரத்தில்தான். உண்மையில் அவன் நிறுத்தியதன் அடையாளம் அது.

"ஒரு கட்டிங்தான் அடிச்சேன்" என்கிறான். அது எவ்வளவு?

குவார்ட்டர் 180 மில்லி. கட்டிங் அதில் பாதி, 90 மில்லி. 42.8 சதவீத பிராந்தியில் அது ஏறத்தாழ 30 கிராம் சுத்த ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 40 கிராமை ஒட்டி. "பீர்தானே" என்று சொல்கிற அப்பாக்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள பதினைந்து வயதுப் பையன் இதை வெறும் வயிற்றில் பத்து நிமிடத்தில் இறக்கினால் தடுமாறாமல் நிற்பது கஷ்டம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது. ஆகவே அவனுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு மூத்தவன் எங்கோ இருக்கிறான். அந்த உறவு என்ன என்று மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா கடலில், அல்லது வளைகுடாவில். வீட்டில் நானும் பிள்ளைகளும் மட்டும்.

தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் வீடுகளில் அப்பா வாரக்கணக்கில் இல்லாமல் போவது வழக்கம். வெளிநாட்டு வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார். அப்பா போனில் வரும்போது அம்மை முதலில் அன்றைய குற்றப்பட்டியலை வாசித்துவிட்டுப் பிறகு பையனிடம் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பையனுக்கு அப்பா என்றால் தீர்ப்பு சொல்லும் குரலாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு அழைப்பாவது பையனுக்கு மட்டும், பத்து நிமிடம், புகார் இல்லாமல் இருக்கட்டும். அப்பா தன் வேலையைப் பற்றிச் சொல்லட்டும். பிள்ளைகள் அதைக் கேட்க விரும்புகிறார்கள்.

ஊரில் ஒரு ஆள் வேண்டும். "உனக்கு யார்கிட்ட பேசினா சரியா இருக்கும்?" என்று பையனையே கேளுங்கள். தாய்மாமாவைச் சொல்வான், சில நேரம் பயிற்சியாளரை, சில நேரம் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரை. அவர் குடிக்காதவராக, பையனைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தாதவராக இருந்தால் சரி. அவரைச் சேர்த்து இரண்டு பேருக்குமேல் விஷயம் தெரிய வேண்டாம். அன்பியக் கூட்டத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) "என் மகனுக்காக ஜெபியுங்க" என்று பெயர் சொல்லிக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் நிற்கும் ஒவ்வொரு கண்ணும் அவனுக்குத் தெரியும். பிறகு அவன் கோயிலுக்கு வரமாட்டான்.

காசு விஷயம்: விடுமுறையில் வள்ளத்துக்கோ ரப்பர் பால் எடுக்கவோ போய்ச் சம்பாதித்த பணத்தை முழுக்கப் பிடுங்கினால் கடன் வாங்குவான், அல்லது விற்றுக் கொடுக்க ஆளாவான். பாதியை அவன் பெயரில் போடச் சொல்லி, மீதியை வாராவாரம் சிறிதாகக் கையில் கொடுங்கள்.

அவன் அப்பாவே தினமும் குடிக்கிறார். நாங்கள் என்ன முகத்தோடு சொல்ல?

அப்பா நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் இரண்டு காரியம் அப்பாவிடம் கேட்கலாம்: பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள், பிள்ளை முன்னால் ஊற்றாதீர்கள். "எனக்கு விட முடியல மக்ளே, நீ மாட்டிக்கிடாத" என்று தெளிவாக இருக்கும் ஒரு பகலில் அவர் சொன்னால், அது நடிப்பில்லாத பேச்சு. பிள்ளை அதை மதிப்பான். அப்பா அடிக்கிறவராக இருந்தால் பேச்சே வேறு. பிள்ளையின் பாதுகாப்புக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கிச் சோதிக்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, குறிப்பாக அவனுக்குத் தெரியாமல். ஒரு முறை கஞ்சா புகைத்தவனுக்குச் சுமார் மூன்று நாள் தெரியும். தினமும் புகைத்தவனுக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம்வரை தெரியலாம். உண்மையாகவே இரண்டு வாரமாக நிறுத்தியவனைப் பட்டை பொய்யனாக்கும். பசை, தின்னர் சாதாரணப் பட்டையில் தெரியாது. வலி மாத்திரைகள் பலவும் தெரியாது. ஆக, மெய் சொல்கிறவன் மாட்டுவான், மோசமானதைப் போடுகிறவன் தப்புவான். மருத்துவர் சிகிச்சையின் பகுதியாக, பிள்ளையின் சம்மதத்தோடு எடுப்பது வேறு.

நான் ஆசிரியர். மாணவன் என்னிடம் மட்டும் சொன்னான். பெற்றோரிடம் சொல்லவேண்டுமா?

ரகசியம் காப்பேன் என்று முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவன் வாய் திறப்பதற்கு முன்பே எல்லையைச் சொல்லுங்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னை யாராவது தொந்தரவு செய்தா, உன்னை வச்சு யாராவது விற்கிறாங்கன்னா, நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். மத்தது நமக்குள்ள." பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம்.

எவ்வளவு தீவிரம் என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் ஆறு கேள்விகள் இருக்கின்றன. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் போயிருக்கிறாயா, அல்லது நீயே ஓட்டியிருக்கிறாயா? மனசு லேசாக, அல்லது மற்றவர்களோடு ஒட்டிக்கொள்ள எடுக்கிறாயா? தனியாக எடுக்கிறாயா? எடுத்தபோது செய்தது மறந்துபோயிருக்கிறதா? வீட்டிலோ நண்பர்களோ குறைக்கச் சொன்னார்களா? அதனால் சிக்கலில் மாட்டியிருக்கிறாயா? இரண்டு "ஆமாம்" வந்தாலே ஆலோசகர் அல்லது மருத்துவர் பார்க்க வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னும் இதைக் கேட்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது தீர்வே கிடையாது. பள்ளியை இழந்த பையனுக்குப் பகல் முழுக்கச் சும்மா இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கும் இது வருமா?

வரும். வெளியே தெரிவது குறைவு, அவ்வளவுதான். வீட்டில் பாட்டிக்கு வாங்கிய தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்து ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். பெயர் கெடும் என்று மருத்துவரிடம் போகாமல் இருக்காதீர்கள். மனநலச் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது.

சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

பயன்படுத்துகிறவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்கு தரும் பிரிவு 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், 64ஏ என்ற எண்ணில் இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எந்த வழக்கிலும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்பட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

சட்டத்தின் கடுமை விற்கிறவர் பக்கம்தான். பிள்ளைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டுவரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பிள்ளையை வைத்து விற்றாலோ கடத்தினாலோ 78-ஆம் பிரிவிலும் அதே அளவு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. புகார் கொடுப்பதாக இருந்தால் பையனிடம் கேட்ட தகவலை வைத்துக் கொடுக்காதீர்கள். யார் சொன்னது என்று அன்றே தெரிந்துவிடும். அடி அவனுக்கு விழும்.

எங்கே கூட்டிப் போவது?

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க 14416, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும், தமிழிலும் இலவசம். போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய உதவி எண் 14446. பையனே அழைக்கலாம் என்பதைச் சொல்லி, எண்ணை அவன் போனில் அவன் கையாலேயே பதியச் சொல்லுங்கள்.

"நாங்களே வந்து தூக்கிட்டுப் போவோம்" என்று சொல்லும் தனியார் மையங்களை நம்பாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ கூடவே தங்கவேண்டும். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. இவை சட்டம். "மூணு மாசம் பாக்க முடியாது" என்றால் அப்படியே திரும்பி வாருங்கள். தூங்கும்போது நாலு பேர் வந்து கட்டித் தூக்கிய பையன் போதையை மறக்கலாம். கதவைத் திறந்துவிட்டது யார் என்பதை மறக்க மாட்டான்.

எடுத்துவிட்டு மயங்கிக் கிடக்கிறான்.

108. அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மேல்காலை மடக்கி, வாய் தரையை நோக்கி இருக்குமாறு. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தலையில் தண்ணீர் ஊற்றி நடக்க வைப்பதும் வேண்டாம். மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள்: பத்துக்குக் கீழ், குறட்டைபோல் இழுப்பு, உதடு நீலம், எதுவானாலும் ஆம்புலன்ஸில் இருப்பவரிடம் சொல்லுங்கள். கூட இருந்த கூட்டாளியைத் திட்டி விரட்டாதீர்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

பசை முகர்ந்துகொண்டிருக்கும் பையனைக் கண்டால் துரத்தாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் ஓட்டமும் அதிர்ச்சியும் இதயத்தை நிறுத்தக்கூடும். அமைதியாகப் பேசிக் காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டி வாருங்கள்.

இந்த நிலை வருவதற்கு முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்: எந்த ராத்திரியும், எந்த இடத்திலிருந்தும், "வந்து கூட்டிட்டுப் போ" என்று அழைத்தால் வருவேன், அன்று ராத்திரி கேள்வி கிடையாது. பேச்சு மறுநாள் பத்து மணிக்கு. ஒரே ஒரு தடவை வழியில் திட்டினாலும் இரண்டாவது அழைப்பு வராது.

இரண்டு மாதம் நன்றாக இருந்தான். திருவிழாவில் மறுபடி தொட்டுவிட்டான்.

"எல்லாம் போச்சு" என்று சொல்லாதீர்கள். அந்த அறுபது நாள் வீணாகிவிடவில்லை. யார் கொடுத்தது என்பதைவிட, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: சண்டை, தோல்வி, சும்மா இருந்த மதியம், கையில் வந்த காசு. ஊசி மாத்திரைப் பழக்கத்திலிருந்து இடைவெளி விட்டவன் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கு ஆபத்து. உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும். இதை அவனிடம் நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் எடுக்க அனுமதி கொடுத்த மாதிரி என்று பயப்பட வேண்டாம்.

நம்முடைய மாவட்டத்துக்கு ஆபத்தான நாட்கள் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. கிறிஸ்துமஸ் கரோல் சுற்றும் ராத்திரிகள், புத்தாண்டு, ஊர்க் கோயில் கொடை விழா, பங்குத் திருவிழாவின் கடைசி மூன்று நாள், கல்யாண வீட்டு முந்தின ராத்திரி, மீன்பிடித் தடைக்காலம். தடை சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்பா வீட்டில் இருக்கும் காலமும் அதுதான் என்பதால் நல்லதுக்கும் பயன்படும்.

ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து அந்த ராத்திரியைத் திட்டமிடுங்கள்: எத்தனை மணிக்குப் போவது, யாரோடு, எப்போது திரும்புவது, "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது. சொல்லும் வாக்கியத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். "கோச் நாளைக்குக் காலைல ஓட வரச் சொல்லிருக்காரு" என்பது பெரும்பாலான பையன்களுக்கு வசதியாக இருக்கிறது. கோச்சிடம் முன்கூட்டியே சொல்லி, காலை ஐந்தரைக்கு மைதானத்தில் உண்மையாகவே இருக்கச் சொல்லிவிடுங்கள்.